விண்ணிலிருந்து வரையும் நிலப்படமும் அரிமளத்துக் கண்மாய்களும்

புதுக்கோட்டை ஜில்லாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. வருஷம் முழுவதும் நீர் ஓடும் ஆறு இந்த ஜில்லாவில் இல்லை. ஆதலின், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கி, அந்நீரைக் கொண்டே நெல் விளைவிப்பது நெடுங்கால வழக்கம். வெள்ளாற்றுக்குத் தெற்கே அமைந்துள்ள அரிமளம் வட்டாரமும் இவ்வாறு மழையையும் கண்மாயையும் நம்பி வாழும் பூமியேயாகும்.

ஒரு கண்மாய் தன் மேல் பெய்யும் மழையால் மட்டும் நிறைவதில்லை. மேட்டு நிலத்தில் விழுந்த மழை வாரிகளின் வழியே ஓடி வரவேண்டும். மேலிருக்கும் கண்மாய் நிறைந்து அதன் கலிங்கு வழியே மறுகால் போகவேண்டும். அந்நீர் அடுத்த கண்மாயை எட்டவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழ்க்கண்மாய்கள் வறண்டுவிடும். ஆகவே, நல்ல மழை பெய்தும் கண்மாய் பெருகவில்லை என்னும் குறை எழும்போது, நீர் எங்கே தடைப்பட்டது என்ற வினாவும் உடன் எழுகிறது. வரத்து வாரி தூர்ந்துபோயிற்று என்பர் சிலர். மேல்கண்மாயின் கலிங்கை உயர்த்திவிட்டனர் என்பர் வேறு சிலர். தைலமரத் தோப்புகளுக்குள் எழுப்பிய வரப்புகள் மழைநீரை ஆங்காங்கே நிறுத்திவிடுகின்றன என்பது அரிமளம் வட்டாரத்துக் குடியானவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் முறையீடாகும்.

இவற்றுள் எது உண்மை என்பதை வாதத்தால் முடிவு செய்தல் இயலாது. எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம், அவற்றின் உயரம் எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரிந்தால் நீரின் வழி தானே தெரியும். அதைத் தெரிவிக்கும் சாதனம் நிலப்படம். இந்நாளில் அது பெரும்பாலும் செயற்கைக்கோள் எடுத்தனுப்பும் படங்களைக் கொண்டு வரையப்படுகிறது. அப்படம் குடியானவனுக்கு எந்த அளவில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதை அறிந்துகொள்ளுதல் நலம்.

இருவகைப் படங்கள்

கிராமக் கணக்கில் இருக்கும் படம் ஒன்று. நிலத்தோற்றப் படம் மற்றொன்று. முன்னது ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் சர்வே எண்ணையும் காட்டும். பட்டா பூமி எது, வாரிப் புறம்போக்கு எது என்பதை அதில் காணலாம். ஆனால் அப்படத்தைக் கொண்டு ஒரு புலம் மற்றொன்றைக் காட்டிலும் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை அறிய முடியாது. பின்னது, அதாவது நிலத்தோற்றப் படம், நிலம் யாருடையது என்பதைச் சொல்லாது. அதன் மேடு பள்ளங்களையும், ஓடைகளையும், நீர்நிலைகளையும், காடுகளையும், பாதைகளையும் காட்டும்.

மேடு பள்ளங்களைக் காகிதத்தில் காட்டுவதற்குச் சம உயரக் கோடு என்னும் உபாயம் கையாளப்படுகிறது. வற்றிவரும் கண்மாயில் இதன் பொருளை நேரிற் காணலாம். நீர் வற்ற வற்ற, ஒவ்வொரு நாளும் நீர் நின்ற விளிம்பு சேற்றில் ஒரு கோடாகப் பதிகிறது. ஒரு கோட்டின் மேலுள்ள எல்லா இடங்களும் ஒரே உயரமுடையவை. செங்குத்தான கரையருகே அக்கோடுகள் நெருங்கியும், சாய்வு குறைந்த நீர்ப்பிடிப் பக்கத்தில் விலகியும் இருக்கும். படத்திலுள்ள சம உயரக் கோடுகளையும் அவ்வண்ணமே படித்தறிய வேண்டும்.

இந்திய நில அளவைத் துறையார் வெளியிடும் படங்களுள் பெரிதும் வழங்குவது ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுடையது; அதில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 500 மீட்டராகும். பழைய வரிசை எண்களில் அரிமளம் 58 ஜே என்னும் பிரிவைச் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவும் பதினாறு தாள்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது.

முன்னோர் அளந்த முறை

இத்துறை 1767-ம் வருஷத்தில் ஏற்பட்டது. 1802-ம் வருஷத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளந்தார். அதிலிருந்து முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடுத்துத் தேசம் முழுவதையும் அளக்கும் வேலை தொடங்கிற்று. முக்கோணத்தின் மூலைகள் ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியவேண்டும். மலைகள் உள்ள சீமையில் இது எளிது. மலையில்லாத தஞ்சைச் சமவெளியிலோ தோப்புகள் பார்வையை மறைத்தன. ஆதலால் கோயிற் கோபுரங்களின் மீது கருவியை ஏற்றவேண்டியதாயிற்று. 1808-ம் வருஷத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் அவ்வாறு ஏற்றுகையில் கயிறு அறுந்து, தியோடலைட்டு என்னும் பெருங்கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் அதைத் தாமே செப்பனிட்டு மீண்டும் வேலையைத் தொடர்ந்தார். சமவெளியை அளப்பது மலையை அளப்பதினும் கடினம் என்னும் படிப்பினை அன்றே கிடைத்துவிட்டது.

உயரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது. நாகப்பட்டினம், சென்னை, கொச்சி, பம்பாய் முதலிய ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்ற இறக்கங்களைப் பல்லாண்டுகள் குறித்து, அவற்றின் சராசரியைக் கொண்டு 1909-ம் வருஷத்து உயர ஆதாரம் வகுக்கப்பட்டது. அதன்பின் பல தலைமுறைகளாகச் சர்வேயர்கள் பலகை மேசையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து கோடுகளை வரைந்தனர். பின்னர் விமானத்திலிருந்து எடுத்த படங்களும் துணைக்கு வந்தன. ஒரு தாளைத் திருத்தி வெளியிடப் பல வருஷங்கள் செல்லும். அதற்குள் வாரி தூர்ந்திருக்கும், காடு தோப்பாகியிருக்கும், தோப்பு மனையாகியிருக்கும். இக்குறையை நீக்கும் வழியாகவே செயற்கைக்கோள் வந்து சேர்ந்தது.

மேலிருந்து உயரம் அறியும் வகை

மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் நீளமும் அகலமும் தெரியும், உயரம் தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பவன் படும் இடர் இதுவே. இரு கண்களும் சற்றே விலகிய இரு இடங்களிலிருந்து ஒரே பொருளைக் காண்பதால்தான் அண்மையும் சேய்மையும் புலனாகின்றன. கண்மாய்க் கரைமேல் நடப்பவன் கண்ணுக்கு அருகிலுள்ள பனைமரம் விரைந்து பின்செல்வதும், தொலைவிலுள்ள மரம் அசையாததுபோல் நிற்பதும் இதன் பாற்பட்டதே. அருகில் இருப்பது மிகுதியாக இடம் பெயரும். தொலைவில் இருப்பது குறைவாகப் பெயரும். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மேடு அருகிலும் பள்ளம் தொலைவிலும் உள்ளன அல்லவா? ஆகவே இரு இடங்களிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பெயர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டால் உயரம் கிடைத்துவிடும்.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 என்னும் செயற்கைக்கோள் இதற்கென்றே அமைக்கப்பட்டது. அதில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கியும், மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. 618 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும்போது முன் காமிரா கண்ட பூமியையே சுமார் 52 விநாடி கழித்துப் பின் காமிராவும் கண்டது. தரையில் இரண்டரை மீட்டர்ச் சதுரம் அதன் படத்தில் ஒரு புள்ளியாயிற்று. அது தன் பணியை முடித்து ஓய்ந்துவிட்டது. எனினும் அதன் படங்களைக் கொண்டு தேசம் முழுமைக்கும் ஆக்கிய உயரக் கணக்கு இன்றும் பயன்பட்டு வருகிறது. 2019-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டும் ஆற்றலுடையது.

படம் கிடைத்த மாத்திரத்தில் நிலப்படம் ஆகிவிடாது. பாலத்தின் மூலை, சாலைகள் கூடும் இடம் போன்று படத்திலும் தரையிலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க இடங்களைத் தேர்ந்து, அங்கே ஆள் சென்று ஜி.பி.எஸ். கருவியால் நுட்பமாக அளந்து, படத்தை அவ்விடங்களில் ஆணியடித்தாற்போல் பொருத்தவேண்டும். இங்கும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அக்கருவி முதலில் காட்டும் உயரம் பூமியை ஒழுங்கான கோளவடிவாகக் கற்பித்து அதிலிருந்து எண்ணியது, கடல்மட்டத்திலிருந்து எண்ணியதன்று. தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். இத்திருத்தத்தைச் செய்யாவிட்டால், கோட்டைப்பட்டினம் போன்ற கரையோர ஊர்கள் கடலுக்கு மிகவும் கீழே அமிழ்ந்திருப்பதாகக் கணக்கு வந்து சேரும்.

அரை மீட்டரின் கணக்கு

இரண்டரை மீட்டர் அளவுள்ள புள்ளி ஒன்று பெயர்ந்த தூரத்தை ஒரு புள்ளியளவு தவறாக அளந்துவிட்டால், கார்ட்டோசாட்-1 படத்தில் உயரம் சுமார் 4 மீட்டர் பிசகும். கணிப்பொறி புள்ளியின் ஒரு பகுதி வரை நுணுகி ஒப்பிடுமாயினும், அனைத்துப் பிழைகளையும் சேர்த்து, நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் 8 மீட்டருக்கு உட்பட்ட பிழை என்பதே அந்த உயரக் கணக்குக்கு வகுத்த அளவு. அடுத்தடுத்த இடங்கள் பெரும்பாலும் ஒரே வகையில் பிசகுவதால், அருகருகே உள்ள மேடு பள்ளங்களின் வித்தியாசம் இதனினும் செம்மையாகக் கிடைக்கும். மலைச்சரிவில் சாலை போடவும், ஆற்றுப் படுகையின் எல்லையை வகுக்கவும் இது போதும்.

அரிமளத்தைப் போன்ற பூமியில் கணக்கு வேறு. கடலை நோக்கி மெல்லச் சரியும் இச்சமவெளியில் 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் வாட்டம் உள்ள இடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அங்கே கலிங்கை அரை மீட்டர் உயர்த்தினால் நீர் 250 மீட்டர் தூரம் பின்னேறி நிற்கும். மேல்புறத்தார் வயல் முழுகும். வாரியின் அடிமட்டம் அரை மீட்டர் மேடிட்டால் கீழ்க்கண்மாய்க்கு வரவேண்டிய நீர் திரும்பிப் பக்கத்துக் காட்டில் பரவிவிடும். ஒரு கிராமத்தின் போகத்தைத் தீர்மானிக்கும் அந்த அரை மீட்டர், செயற்கைக்கோள் உயரக் கணக்கின் பிழைக்குள் மறைந்துபோகிறது. 20 மீட்டருக்கு ஒன்றாகச் சம உயரக் கோடு போட்ட தாளிலோ, இத்தகைய பூமியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 10 கிலோமீட்டர் தூரம் உண்டாகும். அந்த இடைவெளிக்குள் பல கண்மாய்கள் அடங்கிவிடும்.

மரத்தின் தலையும் மண்ணின் தலையும்

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. செயற்கைக்கோளின் காமிரா தான் கண்டதையே அளக்கிறது. வெட்டவெளியில் அது காண்பது மண். அடர்ந்த தோப்பில் அது காண்பது மரத்தின் தலை. பன்னிரண்டு மீட்டர் வளர்ந்த தைலமரத் தோப்பு ஒன்று, உயரக் கணக்கில் அவ்வளவு உயரமுள்ள மேட்டுநிலம் போலவே தோன்றும். அதைத் திருத்தாமல் சம உயரக் கோடு வரைந்தால், இல்லாத குன்றைச் சுற்றி நீர் விலகி ஓடுவதாகப் படம் சொல்லும். சில வருஷங்களில் மரங்களை வெட்டியதும் எடுத்த படத்தில் அக்குன்று மறைந்துவிடும். 2000-ம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ரேடார் கொண்டு எடுத்த உலக உயரக் கணக்கிலும் அடர்ந்த காடுகளின் மீது இவ்வகைக் குற்றம் உண்டு. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி அளக்கும் முறையில் மட்டும், இலைகளின் இடுக்கு வழியே சில கதிர்கள் மண்ணைத் தொட்டு மீள்வதால் தரையின் உயரத்தைப் பிரித்தறிய வழியுண்டு.

அரிமளம் வட்டாரத்து முறையீட்டின் நடுவில் இருப்பவை இம்மரங்களின் நிழலில் கிடக்கும் வரப்புகளே. தோப்பில் வரப்பு எழுப்புவோர் மண் அரியாமல் காக்கவும் மரத்துக்கு ஈரம் சேர்க்கவும் அதைச் செய்வதாகக் கூறுவர். கீழ்க்கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்களோ தங்கள் நீர் அங்கே நின்றுவிடுகிறது என்பர். இரு தரப்பாரும் நம்பத்தக்க அளவு ஒன்று வேண்டுமானால், மரம் நிற்கும் காலத்து விண்படம் அதற்கு உதவாது. மரங்களை வெட்டி எடுத்தபின், மறுபடியும் துளிர்த்து மூடுவதற்கு முன் உள்ள சில மாதங்களே அதற்கேற்ற தருணம். அப்போது நுட்பமான விண்படத்தில் வரப்புகள் கோடுகளாகத் தெரியும். ஆளில்லாச் சிறு விமானம் கொண்டும் படமெடுக்கலாம். சர்வேயரும் தடையின்றி மட்டம் பார்க்கலாம். இத்தருணம் தவறினால் அடுத்த வெட்டு வரை பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும்.

விண்படத்தால் ஆகும் நன்மைகள்

இவ்வளவு குறைகளைக் கூறியதால் விண்படம் பயனற்றது என்று எண்ணலாகாது. எவர் கரைமேல் நின்று பார்த்தாலும் தம் கண்மாய் ஒன்றே தெரியும். விண்படத்திலோ மேட்டிலிருந்து கடல்வரை தொடரும் கண்மாய்ச் சங்கிலி முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். எந்தக் கண்மாயின் மறுகால் எதற்குச் செல்கிறது, நீர்ப்பிடியின் எல்லை எதுவரை, சாலையோ மனையோ எந்த இடத்தில் வாரியை வெட்டிக்கொண்டு செல்கிறது என்பவை அதில் விளங்கும்.

மனிதக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் இக்கருவிகள் பதிவு செய்கின்றன. அவ்வொளியை நீர் விழுங்கிவிடுவதால் நீர்நிலைகள் கருமையாகவும், பச்சிலை திருப்பி அனுப்புவதால் பயிரும் மரமும் செந்நிறமாகவும் தோன்றும்படி படம் அமைக்கப்படுகிறது. மழை ஓய்ந்த தை மாதத்துப் படத்தில் எந்தக் கண்மாய் எவ்வளவு பெருகிற்று என்பது கறுப்பு நிறத்தின் பரப்பால் தெரியும். சித்திரை மாதத்துப் படத்தில், காய்ந்து வெளுத்த கண்மாய்க்குள் செந்நிறம் அடர்ந்திருந்தால், பெரும்பாலும் அது சீமைக்கருவேல் மண்டிய இடமாகவே இருக்கும். 2003-ம் வருஷத்திலும் 2011-ம் வருஷத்திலும் இந்தியா ஏவிய ரிசோர்ஸ்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களும், 2015-ம் வருஷம் முதல் ஐரோப்பியர் ஏவிவரும் செண்டினல்-2 வரிசையும் இத்தகைய படங்களைத் தந்துள்ளன. ஒரே கண்மாயின் தை மாதப் படங்களைப் பத்து வருஷங்களுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால், மழை குறைந்ததால் வறண்டதா, வரத்து அடைபட்டதால் வறண்டதா என்பது ஓரளவு புலப்படும். பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் நிறைந்த வருஷத்தில் ஒன்று மட்டும் நிறையாதிருந்தால், குற்றம் வானத்தில் இல்லை, வாரியில் இருக்கிறது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

1. 2005-ம் வருஷத்துத் தேசிய நிலப்படக் கொள்கையின்படி பொதுமக்களுக்கென ஒரு வரிசைத் தாள்கள் வெளியாகத் தொடங்கின. 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வெளியிட்ட விதிகளால் கட்டுப்பாடுகள் மேலும் தளர்ந்தன. விண்வெளி நிறுவனத்தார் 2009-ம் வருஷத்தில் தொடங்கிய புவன் என்னும் இணையதளத்திலும் விண்படங்களைக் காணலாம். ஊருக்குரிய நிலத்தோற்றத் தாளையும், மழைக்குப் பிந்திய படம் ஒன்றையும், கோடைப் படம் ஒன்றையும் சேகரித்துக்கொள்ள வேண்டும்.

2. கோடையில், வாரிகள் காய்ந்திருக்கும்போது, ஊரின் முதியவர்களையும் நீர் பாய்ச்சிய அனுபவமுள்ளவர்களையும் அழைத்துக்கொண்டு வாரியின் தலையிலிருந்து கண்மாய் வரை நடந்து செல்லவேண்டும். பாலம், மடை, கலிங்கு, உடைப்பு, அடைப்பு ஆகிய ஒவ்வொன்றின் இடத்தையும் கைப்பேசியிலுள்ள இருப்பிடக் கருவியால் குறித்து, உள்ளூர்ப் பெயரையும் உடன் எழுதவேண்டும். எந்தச் செயற்கைக்கோளும் ஒரு வாரியின் பெயரை அறியாது. அப்பெயர் ஊராரிடமிருந்தே படத்துக்குச் செல்கிறது.

3. இவ்வாறு குறித்தவற்றைக் கிராமப் படத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சர்வே எண்ணில் வாரிப் புறம்போக்கு இருந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பட்டியலிட வேண்டும். அதிகாரிகளிடம் மனுச் செய்யும்போது இப்பட்டியல் பெருந்துணையாகும்.

4. தகராறு உள்ள இடங்களில் மட்டக்கருவி கொண்டு அளந்தாலன்றி முடிவு செய்யலாகாது. மேல்கண்மாயின் கலிங்கு மட்டம், வாரியின் அடிமட்டம், கீழ்க்கண்மாயின் மடை மட்டம் ஆகிய மூன்றையும் அசையாத ஒரு கல்லிலிருந்து எண்ணிக் குறிக்கவேண்டும். சிறு தூரங்களுக்குக் கொத்தனார்கள் கையாளும் நீர் நிறைந்த குழாயே போதும். நெடுந்தூரத்துக்குச் சர்வேயரின் துணை அவசியம்.

5. கண்மாயை ஆழப்படுத்துமுன் மடையின் அடிமட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. கிணறுகளுக்கு ஊற்றாகவும் ஆடு மாடுகளுக்குக் குடிநீராகவும் மட்டும் பயன்படும். 2017-ம் வருஷத்தில் குடிமராமத்து முறை மீண்டும் தொடங்கிய பின் ஊரார் பொறுப்பில் நடந்த வேலைகள் பெருகினமையால் இதனை நினைவில் வைத்தல் நன்று.

முடிவுரை

லாம்டன் காலத்தில் கோபுரத்தின்மேல் ஏறி நின்று பார்த்தனர். இன்று அறுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கின்றனர். பார்க்கும் உயரம் கூடக்கூடக் காணும் பரப்பு விரிந்தது. எனினும், வாரியின் அடியில் கிடக்கும் அரை மீட்டர் மண்ணை அளக்க இன்றும் ஒருவர் மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த வாரிக்குள் இறங்கவேண்டியிருக்கிறது. எங்கே இறங்கவேண்டும் என்பதை விண்படம் காட்டும். அங்கே என்ன இருக்கிறது என்பதை அவர் அளந்து சொல்வார். இரண்டையும் இணைத்துக்கொள்ளும் கிராமம் தன் வழக்கை ஆதாரத்தோடு எடுத்துரைக்க முடியும். ஐப்பசி மழை தொடங்குமுன் இவ்வேலையை முடித்துவைத்தால், அந்த மழையே வந்து அளவு சரியா என்பதைச் சோதித்துக் காட்டிவிடும்.